சிவப்பு மூடி, ஊதா மூடி

எதைச் சொன்னாலும் "எத்தன தடவ?" என்று கேட்கிற மனுஷனோடு பதினோரு வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தால் யாருக்கும் பைத்தியம் பிடிக்கும். எனக்கும் பாதி பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"வல்லம் பஸ்ஸுல கண்டக்டரு என்னை ஏய்னு கூப்ட்டான் சார்" என்று வயிறு எரிய வந்து சொல்வேன். அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "எத்தன தடவ?" என்பார்.

"ஒரு தடவதான். அது பத்தாதா?"

"ஒரு தடவைய வச்சு ஒரு ஆள முடிவு கட்டக் கூடாதும்மா. இன்னும் நாலு தடவ பாரு."

"நாலு தடவ அவன் ஏய்ங்கற வரைக்கும் நான் வாய மூடினு இருக்கணுமா? நல்லா இருக்குது சார் உங்க ஞாயம்!"

அதற்கும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபம் வருகிற ஆளாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கஷ்டமில்லை.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் லேப். நான் பேர் எழுதி பில் போடுவேன். சார் ரத்தம் எடுப்பார், சோதிப்பார், ரிசல்ட் எழுதுவார். முதலாளி திண்டிவனத்தில் இருந்தார். மாசத்துக்கு இரண்டு முறை வந்து கல்லாவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் நாங்கள் இரண்டு பேர்தான். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை தெரியும், வெயில் அடிக்கும், ரோட்டுத் தூசி வரும். அதனால் ஜன்னலைத் திறப்பதே இல்லை.

அவருக்கு அப்போது ஐம்பது வயசு இருக்கும். அனந்தபுரத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருவார். எந்த ரிசல்ட்டையும் ஒரு தடவை பார்த்து எழுதிக் கொடுக்கமாட்டார். கொஞ்சம் ஏறுமாறாக இருந்தால் இரண்டாவது போடுவார், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாவது. சோதனை மருந்துக்கு ஆகிற செலவைப் பார்த்து முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு நாள் இனிப்புக்கடை மாஸ்டர் ஒருவரை அவர் பெண்டாட்டி அழுதுகொண்டே கூட்டிவந்தாள். எங்கேயோ முகாமில் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, சர்க்கரை நானூற்றுச் சொச்சம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று சொல்லிவிட்டார்களாம். சாரும் குத்திப் பார்த்தார். நானூற்றுச் சொச்சம்தான். அந்தம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். சார் அந்த ஆளின் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். "போய் சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவினு வா" என்றார். கழுவிவிட்டு வந்து வேறு விரலில் பார்த்தால் நூற்று முப்பது. விரலில் ஜிலேபிப் பாகு ஒட்டியிருந்திருக்கிறது! அந்தம்மா காலில் விழப்போனாள். சார் பின்னால் நகர்ந்து, "அதெல்லாம் வேணாம், நாளைக்கு வெறும் வயித்துல வரச்சொல்லு, இன்னொரு தடவ பாத்துடலாம்" என்றார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த மரியாதை கடைசிவரை போகவில்லை. மரியாதை இருந்தும் நான் செய்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இரண்டு டீக்கடை. எது நல்ல டீ என்று எனக்கும் அவருக்கும் ஒரு வாக்குவாதம். மனுஷன் இதில் முப்பது நாள், அதில் முப்பது நாள் குடித்து, தினமும் மார்க் போட்டு, அறுபத்தோராம் நாள் வந்து, "ரெண்டும் ஒண்ணுதாம்மா. நமக்குப் பசி இருக்குற நாள்ல நல்லா இருக்குது, அவ்வளவுதான்" என்றார். இதற்கு அறுபது நாளா சார் என்று நான் சிரித்த சிரிப்பில் கீழே மருந்துக்கடைப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தப் பேச்சு ஒரே ஒரு முறைதான் வந்தது. அவர் மனைவிக்கு மூன்று முறை கலைந்துபோயிற்றாம். நாலாவது முறை பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். "மூணுங்கறது கணக்கே இல்லம்மா. மூணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா அவளுக்கு மூணு போதும்னு ஆயிடுச்சு. நான் ஒத்துக்கினேன்" என்றார். சொல்லிவிட்டு ரத்தம் பிடித்த குழாய்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

காலை வெறும் வயிற்றுக் கூட்டமும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வருகிற கூட்டமும் போய்விட்டால், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் லேப்பில் ஈ காக்கா இருக்காது. நான் தலையைச் சாய்ப்பேன். சார் போனை எடுத்து வைத்துக்கொள்வார். அவர் பேச்சுத் துணைக்கு ஆகாத நேரம் அது. ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். சீட்டு.

"அய்யய்யோ! ரம்மியா சார்?"

"போக்கரும்மா. டோர்னமெண்ட்டு."

"எந்த மெண்ட்டோ! சூதாட்டம்தான? எங்க நைனாவும் இப்படித்தான் மூணு சீட்டு ஆடியே முக்கா காணி நெலத்த வித்தாரு."

"உங்க நைனா நோட்டு போட்டாரா?"

"இன்னா நோட்டு?"

"எத்தன தடவ ஆடுனாரு, எவ்ளோ போட்டாரு, எவ்ளோ வந்துச்சுன்னு எழுதி வச்சாரா?"

"எழுதி வச்சிருந்தா நான் எதுக்கு சார் இங்க பில் போட்டுனு இருக்கப்போறேன்?"

"அதான்" என்று சொல்லிவிட்டு, லேப்பின் பழைய ரிஜிஸ்டர் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பிக் காட்டினார். பக்கம் பக்கமாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தார். தேதி, கட்டிய காசு, எத்தனை பேர் ஆடினார்கள், இவர் எத்தனையாவதாக வெளியேறினார், என்ன கிடைத்தது. ரத்த ரிசல்ட் எழுதுகிற அதே மணிமணியான கையெழுத்து.

எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். உள்ளே போக ஆளுக்கு ஐம்பதோ நூறோ இருநூறோ கட்ட வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவு பொய்க்காசு கொடுப்பான். அது தீர்ந்தவன் வெளியே. கடைசிவரை தாக்குப்பிடிக்கிற சில பேருக்கு மட்டும் நிஜக்காசு, அதிலும் முதல் ஆளுக்குத்தான் பெரிய பங்கு. நடத்துகிற கம்பெனிக்காரன் முதலிலேயே தன் பங்கை உருவிக்கொள்வான். அப்படி மூன்று கம்பெனிகளில் சார் ஆடினார். அவற்றின் பேர்களை அவர் சொல்லமாட்டார். ரத்தம் பிடிக்கிற குழாய்களின் மூடி நிறத்தில் பேர் வைத்திருந்தார். சிவப்பு மூடி, ஊதா மூடி, சாம்பல் மூடி. இப்போது அந்த மூன்றும் இல்லை. சட்டம் வந்து, காசு கட்டி ஆடுகிறதையெல்லாம் மூடிவிட்டார்கள்.

சாம்பல் மூடியில் கம்பெனியின் பங்கு அதிகம், ஆட்டமும் அவசர ஆட்டம். ஆயிரம் தடவை ஆடிப் பார்த்து, நஷ்டம் என்று எழுதிக் கோடு போட்டுவிட்டார். ஊதா மூடியில் அறுபது எழுபது பேர்தான் ஆடுவார்கள். பரிசும் சின்னது, ஆனால் அடிக்கடி வரும். நூறு ரூபாய் போட்டால் மொத்தத்தில் நூற்று எட்டு திரும்பி வந்திருந்தது. சிவப்பு மூடியில் ஆயிரம் பேருக்கு மேல் ஆடுவார்கள். அங்கே நூறு போட்டதற்கு நூற்று இருபத்தைந்து வந்திருந்தது.

"அப்ப செவப்புதான சார் நல்லது?"

அவர் இரண்டு வரிகளைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். ரெண்டு வருஷத்தில் இரண்டு நாள் மட்டும் முதல் பரிசு. "இந்த ரெண்டு நாள எடுத்துட்டா செவப்பு வெறும் நட்டம்மா. நடுவுல பாரு, அம்பத்தி ரெண்டு தடவ தொடர்ந்து ஒரு பைசா வரல. ஆயிரம் தடவ நின்னு ஆட முடிஞ்சவனுக்குத்தான் செவப்பு. அவசரக்காரனுக்கு ஊதா."

"அவசரமும் இருந்து கஷ்டமும் இருந்தா?"

"அவன் இந்தப் பக்கமே வரக்கூடாது."

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். நான்தான் சிரித்தேன். மாசம் ஆயிரத்து ஐநூறு போல அவருக்கு மிச்சமாயிற்று. அதை எடுத்துப் பெரிய ஆட்டம் ஆட ஆசை வரவில்லையா என்று கேட்டேன். "எண்ணிக்கை பத்தலம்மா இன்னும்" என்றார்.

என் பெண் விழுப்புரம் பக்கம் ஒரு தனியார் காலேஜில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருஷத்தில் நாற்பதாயிரம் பாக்கி விழுந்தது. கட்டினால்தான் பரீட்சைக்கு ஹால் டிக்கெட். என் வீட்டுக்காரர் பெங்களூரில் கொத்தனார். அந்த வருஷம் பார்த்து சாரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகளிர் குழுவில் கெஞ்சி இருபதாயிரம் வாங்கினேன். கெடுவுக்கு முப்பத்தைந்து நாள் இருந்தது. இன்னொரு இருபதுக்குப் போகாத வீடில்லை. கடைசியில் எனக்கு அந்த ரிஜிஸ்டர் ஞாபகம் வந்தது.

"சார், இந்த இருபத நீங்க ஆடி நாப்பதாக்கிக் குடுங்க."

அவர் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். "இன்னா பேசறம்மா நீ?"

"உங்க நோட்டுல லாபம்னுதான சார் எழுதியிருக்குது."

"அது ரெண்டு வருசத்துக் கணக்கு. உன் இருபதுக்கு இருநூறு ரூபா ஆட்டம் நூறு தடவ வரும். நூறுல ஒண்ணும் தெரியாதும்மா. ஊதாவுல ஆடுனா, எல்லாம் நல்லா போனா இருபது இருபத்தொண்ணரை ஆவும். நாப்பது ஆவணும்னா செவப்புக்குத்தான் போவணும். செவப்புல நூறு தடவையும் வராம போலாம்."

"வரவும் வரலாம் இல்ல?"

"வரலாம்."

"அப்ப செவப்பு."

"வேணாம்மா."

இரண்டு நாள் விடாமல் கேட்டேன். மூன்றாம் நாள் எனக்கு வாய் நீண்டுவிட்டது. "உங்களுக்கு ஆயிரம் தடவ இருக்குது சார். எனக்கு ஒரு தடவதான் இருக்குது."

"அதுக்குத்தான் வேணாங்கறேன்."

"இல்ல, உங்க நோட்டு பொய்யா இருக்கணும். நெசம்னா எதுக்கு பயப்படறீங்க? ஊருக்குக் காட்டறதுக்கு கட்டம் போட்டு எழுதி வச்சிருக்கீங்க."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த மனுஷனுக்குப் பிள்ளை குட்டி, சொத்து சுகம் எதுவும் கிடையாது. நம்பிக்கை என்று இருந்தது அந்த எழுத்தின் மேல்தான். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "பணத்த நாளைக்கு எடுத்துனு வா" என்றார்.

அன்றிலிருந்து மத்தியானம் நான் தூங்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாளைக்கு ஐந்து ஆட்டம், ஆறு ஆட்டம். அவர் பெரும்பாலும் சீட்டைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா இருப்பார். "ஆடுங்க சார், இன்னாத்துக்கு காத்துனு இருக்கீங்க?" என்பேன். "இதுல ஆடக்கூடாதும்மா" என்பார். முந்நூறாவது, நூற்றைம்பதாவது, எழுநூறாவது என்று வெளியே வந்துகொண்டே இருந்தார். இருநூறு, இருநூறாகப் போயிற்று. ஒவ்வொன்றையும் எழுதினார். நான் தூக்கத்தில்கூட அந்தக் கட்டங்களைப் பார்த்தேன்.

பதினாறாம் நாள் ஆயிரத்து நூறு பேரில் கடைசி ஒன்பது பேருக்குள் வந்துவிட்டார். முதல் பரிசு நாற்பத்தோராயிரம். மேல்மலையனூர் சாமியைக் கூப்பிட்டேன், எங்கள் ஊர் மாரியம்மனைக் கூப்பிட்டேன். அந்த நேரம் பார்த்து, ஜுரத்தில் துவண்டுகிடக்கிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பொம்பளை மாடியேறி வந்தாள். டெங்கு பார்க்கணுமாம். "மிஷினு ரிப்பேரு, நாளைக்கு வா" என்று நான் வாசலிலேயே மறித்து அனுப்பிவிட்டேன். சார் திரும்பி என்னைப் பார்த்தார். எழுந்திருக்கப் போனார். "உக்காருங்க சார்!" என்று கத்தினேன். முதன்முதலாக அவரை அதட்டினேன். அவர் உட்கார்ந்தார்.

சாருக்கு இரண்டு ராஜா வந்தது. இன்னொருத்தன் எல்லாப் பொய்க்காசையும் முன்னே தள்ளினான். சாரும் தள்ளினார். சீட்டைத் திருப்பினால் அவனிடம் இரண்டு ஏழு. நடுவில் ஐந்து சீட்டு ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். ஏழு வராமல் இருந்தால் நாங்கள் ஜெயித்தோம். முதல் மூன்றில் இல்லை. நாலாவதில் இல்லை. நான் சார் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது ஏழு.

ஒன்பதாம் இடம். மூவாயிரத்துச் சொச்சம்.

சார் பேனாவை எடுத்தார். "இது அஞ்சு தடவைக்கு ஒரு தடவ நடக்கும்மா. நம்ம ஆட்டத்துல தப்பு இல்ல" என்றபடி கட்டத்தில் ஒன்பது என்று எழுதினார். நான் அந்தப் பேனாவைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன்.

"என் பொண்ணு படிப்பு சார் அது! உங்களுக்கு ஒரு வரி! எழுதி எழுதி இன்னாத்தக் கண்டீங்க? ஆடத் தெரியாத ஆளுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

அவர் என்னிடம் வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னார் என்பதை அவர் சொல்லிக்காட்டவில்லை. குனிந்து பேனாவைத் தேடி எடுத்தார். மூடி உடைந்திருந்தது.

மிச்சம் இருந்ததும் அடுத்த ஐந்து நாளில் போயிற்று. கெடுவுக்கு நாலு நாள் இருந்தது. மூன்று நாள் சார் போனையே தொடவில்லை. மத்தியானங்களில் வெளியே போய்விட்டு வந்தார். நான் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் காலையில் ரிசல்ட் போட்டுக் கொடுக்கிற கவர் ஒன்றை என் மேஜையில் வைத்தார். உள்ளே நாற்பதாயிரம்.

"ஏது சார்?"

"நேத்து ராத்திரி வீட்டுல ஆடுனேன். செவப்புல அடிச்சிடுச்சு."

"முதல் பரிசா?"

"ஆமாம்மா. கட்டிட்டு வா, போ."

அவர் உள்ளே ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது ரிஜிஸ்டரைத் திருப்பிப் பார்த்தேன். கடைசி வரி என் பணம் தீர்ந்த நாளில் நின்றிருந்தது. டீக்கு அறுபது நாள் மார்க் போட்ட மனுஷன், முதல் பரிசு வாங்கியதை எழுதவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருக்க நான் என்ன குழந்தையா? ரிஜிஸ்டரை மூடி இருந்த இடத்தில் வைத்தேன். கவரை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். சாயந்தரம் என் பெண் போனில் குதித்தாள். நானும் சிரித்தேன். எங்கிருந்து வந்தது என்று சாரிடம் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்டால் இந்தத் தடவை அவர் பொய் சொல்லமாட்டாரோ என்று எனக்குப் பயம்.

ஒரு மாசம் போயிருக்கும். சார் போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. எடுக்கமாட்டார். சத்தத்தை அணைத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தால், அது உறுமிக்கொண்டே நகரும். சாப்பாட்டு டப்பா கொண்டுவருவதை நிறுத்தினார். கேட்டால் வயிறு சரியில்லை என்றார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, காலைக் கூட்டம் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது என் போனுக்கு ஒரு கால் வந்தது. ஒரு பையன் குரல். சார் பேரைச் சொல்லி, தெரியுமா மேடம் என்றான். ஆப்பில் கடன் வாங்கியிருக்கிறார், வட்டியோடு எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது, அவர் போனில் உங்கள் நம்பர் இருக்கிறது, நீங்கள் பதில் சொல்லுங்கள் என்றான். கடன் வாங்கிய தேதியையும் சொன்னான். எனக்குக் கவர் வந்ததற்கு முந்தின நாள்.

"அந்த ஆளு உங்களுக்கு என்ன வேணும் மேடம்?"

நாலடி தள்ளி சார் ஒரு கிழவியின் கையில் ரப்பர் கட்டிக்கொண்டிருந்தார்.

"யாருன்னே தெரியாதுங்க" என்றேன்.

"பேராவது தெரியுமா?"

"பேரும் தெரியாது. ராங் நம்பரு."

சொன்ன சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. சார் கிழவியின் நரம்பைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரே குத்தில் எடுத்தார். மத்தியானம் என் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, "சரியாத்தாம்மா சொன்ன. தெரியும்னா உன்னையும் விட மாட்டானுங்க" என்றார். அவர் என்னை ஒரு அறை விட்டிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். கவரைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் எடுக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவர் போட்டோவைப் போட்டு, மேலே திருடன் என்று எழுதி, அவர் போனில் நம்பர் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார்கள். முதலாளிக்கும் போயிற்று. அவர் எனக்குப் போன் பண்ணி, இந்த மாசத்தோடு நின்றுகொள்ளச் சொல்லு என்றார். சொன்னேன். சார் தலையாட்டினார்.

ஒரு அமாவாசை நாள். மேல்மலையனூர் போகிற கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டு நிரம்பி வழிந்தது. சார் வழக்கம்போல வந்தார். பதினெட்டு ரத்தம் எடுத்தார். இரண்டு ரிசல்ட்டை மறுபடி போட்டுப் பார்த்தார். குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். ஒரு மணிக்கு, "டீ குடிச்சிட்டு வரேம்மா" என்று இறங்கினார். வரவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. போன் மேஜை டிராயரில் இருந்தது.

நாலாம் நாள் அவர் மனைவி வந்தார்கள். அதற்குமுன் நான் அவர்களைப் பார்த்ததில்லை. நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள்.

"யம்மா, பதினோரு வருசமா நீதான் கூட இருந்த. உன்னத்தான் கேக்கணும்னு வந்தேன். அந்தக் காச வாங்கி அவரு இன்னா பண்ணாருன்னு உனக்குத் தெரியுமா?"

நான் டம்ளரை வாங்கி மேஜையில் வைத்தேன்.

"அவரு ஆடறது எனக்குத் தெரியும்மா. மாசாமாசம் நோட்ட என்கிட்ட காட்டுவாரு. கடன் வாங்கி ஆடற ஆளு இல்ல அவரு. ஸ்டேஷன்ல இன்னாடான்னா, சூதாட்டத்துல உட்டுட்டு ஓடிட்டாருன்னு எழுதிக்கவான்னு கேக்கறாங்க. நான், இருங்க சார், அவரு கூட வேல செய்யுற பொண்ண ஒரு வார்த்த கேட்டுனு வரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். வேற எதுக்காவது வாங்குனாரா? யாருக்காவது குடுத்தாரா? இருந்தா சொல்லும்மா. காசு திரும்ப வேணாம். அவரு பேரு நல்லபடியா இருந்தா போதும்."

என் பெண்ணுக்கு இன்னும் இரண்டு வருஷம் படிப்பு இருந்தது. குழுவுக்கு வாராவாரம் கட்டிக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறந்தால் நாற்பதாயிரம் என் தலையில், அந்தப் பையன்களின் போன் என் வீட்டில், ஊர்ப் பேச்சு என் பெண்மேல். இதெல்லாம் ஒரு நொடியில் ஓடிற்று. இவ்வளவு வேகமாக நான் எதையும் யோசித்ததில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. மத்தியானம் பூரா போன்லதான் இருப்பாரு. ஆடித்தான் உட்டிருப்பாரு."

அவர்கள் என்னையே பார்த்தார்கள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். கடைசிப் படிவரை கூப்பிட்டு நிறுத்த எனக்கு நேரம் இருந்தது.

என் பெண் இப்போது சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். சாரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. ஸ்டேஷனில் நான் சொன்னபடியே எழுதிக்கொண்டார்கள். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.